குச்சிக்கிழங்கும் குட்டிக் குளவியும்

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவையும் குளவியாக்கிவிடும் என்று சின்ன வயதில் நாம் எல்லோரும் கேட்டிருப்போம். சுவர் மூலையில் மண்கூடு கட்டும் குளவி பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைத்து அடைக்கும். சில நாள் கழித்து அந்தக் கூட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வரும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி; ஆகவே புழுதான் குளவியாகிவிட்டது என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். எங்கள் தமிழாசிரியர் இதை வைத்து ஒரு வகுப்பு முழுக்க குரு, சீடன் பற்றிப் பேசியிருக்கிறார். அழகான பேச்சு. ஆனால் கூட்டுக்குள் நடப்பது அவ்வளவு அழகில்லை. குளவி புழுவை மயக்கிப் போட்டு, கூடவே முட்டை வைத்துவிட்டுப் போகிறது. முட்டை பொரிந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வருகிறது.

இந்தக் குளவியின் சொந்தக்காரர்களில் ஒரு பெரிய கூட்டம் உண்டு. அவை கூடு கட்டுவதில்லை, நம்மைக் கொட்டுவதும் இல்லை. பாதிக்கு மேல் நம் கண்ணுக்கே தெரியாது. வேறு பூச்சியின் முட்டைக்குள்ளோ, புழுவுக்குள்ளோ, கூட்டுப்புழுவுக்குள்ளோ தம் முட்டையைச் செருகிவிடும். பிள்ளை வளர்ந்து வரும்போது அந்தப் பூச்சி செத்திருக்கும். ஒட்டுண்ணிக் குளவி என்று எங்கள் துறையில் சொல்வோம். வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி ஒன்பது வருடம் தியாகதுருகம் வட்டாரத்தில்தான் வேலை. அதனால் இந்தக் குளவிகளோடு எனக்கு நெடுநாள் பழக்கம்.

முதல் பழக்கம் கரும்பில். டிரைக்கோகிரம்மா அட்டை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கரும்பு போட்டவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அதில் இந்தக் குளவியை விட்டு முட்டையிட வைப்பார்கள். குளவி உள்ளே வளர வளர அந்த முட்டைகள் கறுத்துப்போகும். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் கரும்புச் சோகைக்கு அடியில் கட்டிவிட்டால், குளவிகள் வெளியே வந்து இடைக்கணுத் துளைப்பானின் முட்டைகளைத் தேடிப் போகும். நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு தரம், ஹெக்டேருக்கு 2.5 சிசி, மொத்தம் ஆறு தரம். இதை நான் எத்தனை கூட்டத்தில் ஒப்பித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு பெரியவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், இது தாயத்தா? கட்டினா புழு ஓடிடுமா?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. அவர் மேல் தப்பில்லை. அரை மில்லிமீட்டர் குளவியை வெறும் கண்ணால் பார்த்து நம்பு என்றால் யார்தான் நம்புவார்கள்?

அந்தக் குளவிக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்று பெயர். இப்போது சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எந்த இனம் எது என்று தெரியாமல் இந்தியாவில் பல வருடம் வேறு வேறு பெயரில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் புள்ளிகள். பெங்களூரில் சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டு, அதை வைத்துத்தான் இனத்தைப் பிரிக்க முடியும் என்று 1971இல் எழுதினார்கள். உலகம் முழுக்க அதன் பிறகு அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டது. 1979இல் நம் ஊர்க் குளவிக்குக் கைலோனிஸ் என்ற பெயரே சரி என்று முடிவு கட்டியதும் அவர்கள்தான். அரை மில்லிமீட்டர் பூச்சியின் எந்தப் பாகத்தைப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்! இதெல்லாம் யாருக்கு உபயோகம் என்று அப்போதும் சிலர் கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் எங்கள் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் கொல்லையில் கிடைத்தது.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கல்வராயன் அடிவாரம் எல்லாம் குச்சிக்கிழங்கு பூமி. மரவள்ளி என்று எழுதுவோம், பேச்சில் குச்சிக்கிழங்குதான். ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும். கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவு இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை. 2008இல் கோயம்புத்தூரில் ஒரு வெள்ளை மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி மாவுப்பூச்சி என்று பெயரே தவிர, பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, செம்பருத்தி, குச்சிக்கிழங்கு என்று ஏறியது. அடுத்த வருடமே எங்கள் வட்டாரத்தில் வேலியோரப் பார்த்தீனியம் வரைக்கும் வெள்ளை படிந்துவிட்டது. மருந்து அடித்தால் பூச்சி மேல் இருக்கும் மெழுகு மாவில் பட்டு வழிந்துபோகும். மீன் எண்ணெய் சோப்பு அடித்தார்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள், குருத்தைக் கிள்ளி எரித்தார்கள். ஒருவர் இரண்டு ஏக்கர் குச்சியையும் டிராக்டர் விட்டு மடக்கி உழுதுவிட்டு, வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் போனபோது என்னோடு பேசவில்லை.

இனி நடந்ததைத் தேதியோடு சொல்கிறேன், ஏனென்றால் தேதிகளில்தான் விஷயமே இருக்கிறது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் எடுத்த மாதிரிகளை வைத்து வில்லியம்ஸ், கிரனாரா டி வில்லிங்க் என்ற இருவர் இந்த மாவுப்பூச்சிக்கு 1992இல் பெயர் வைத்தார்கள். அப்போது அது யாருக்கும் தொல்லையில்லாத பூச்சி. பிறகு கரீபியன் தீவுகளில் பரவியது. பெயர் இருந்ததால் எந்த நாட்டுப் பூச்சி என்று தெரிந்தது. தெரிந்ததால் அமெரிக்க விவசாயத் துறை மெக்சிகோவுக்கு ஆள் அனுப்பி அதன் ஒட்டுண்ணிகளைத் தேடிப் பிடித்தது. அதில் ஒரு குட்டிக் குளவி அதுவரை யாரும் விவரிக்காதது. லண்டன் அருங்காட்சியகத்தின் ஜான் நாயஸும் அமெரிக்காவின் மைக்கேல் ஷாஃபும் 2003இல் அதை அசிரோபேகஸ் பப்பாயே என்று விவரித்தார்கள். 2008இல் கோயம்புத்தூர்ப் பூச்சியைப் பார்த்த வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்து முனியப்பன் போன்றவர்கள் இது இன்னது என்று உடனே சொல்ல முடிந்தது. 2010 ஜூலையில் பெங்களூர் தேசியப் பூச்சிகள் நிறுவனம் போர்ட்டோ ரிகோவிலிருந்து அந்தக் குளவியையும் வேறு இரண்டு குளவிகளையும் வரவழைத்தது. அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விட்டார்கள். அடுத்த கோடைக்குள் மாவுப்பூச்சி இருந்த இடம் தெரியவில்லை.

முதல் வருடத்தில் மட்டும் விவசாயிகளுக்கும் நுகர்வோருக்கும் கிடைத்த லாபம் 12 கோடி டாலருக்குக் குறையாது என்று பின்னால் ஆய்வு செய்து எழுதினார்கள். 1992இலும் 2003இலும் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப் பார்த்தவர்களுக்கு நம் சின்னசேலம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

பத்து வருடம் நிம்மதி. 2020இல் இன்னொரு மாவுப்பூச்சி, இது அசல் மரவள்ளி மாவுப்பூச்சியே, கேரளத்தில் திருச்சூரில் தென்பட்டு, சீக்கிரமே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. கொரோனா நேரம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் தெரிந்தவர்கள் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள்: குருத்து சுருண்டு, கொத்துக் கொத்தாகக் கட்டியான செடி. "சார், போன தடவ வந்த அந்தக் கொசு மாதிரி குளவிய விடச் சொல்லுங்க சார்" என்றார் ஒருவர். தாயத்து என்று சிரித்த காலம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பழைய குளவி இந்தப் பூச்சிக்கு ஆகாது. பூச்சி வேறு, குளவி வேறு.

இந்த இரண்டாவது பூச்சிக்கு ஒரு பழைய கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் காங்கோ பக்கம் இது வந்து இறங்கியது. அங்கே கோடிக்கணக்கானவர்களுக்கு மரவள்ளிதான் சோறு. நமக்கு நெல் போய்விட்டால் எப்படி இருக்கும், அப்படி. பாரிஸைச் சேர்ந்த மத்தில்-ஃபெரெரோ என்ற அம்மையார் 1977இல் அதற்கு பினகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயர் வைத்தார். மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர், ஆகவே பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று தேடப் போனார்கள். தென் அமெரிக்காவின் வடக்கே மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, பார்த்தால் அதே மாதிரி. அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து ஆப்பிரிக்கப் பூச்சியின் மேல் விட்டுப் பார்த்தால், அவை சீந்தவே இல்லை. ஏன் என்று புரியவில்லை. கடைசியில் காக்ஸ், வில்லியம்ஸ் என்ற இருவர் இரண்டு பூச்சியையும் அக்குவேறு ஆணிவேறாக ஒப்பிட்டு, அது வேறு இனம் என்று 1981இல் எழுதினார்கள். அதற்கு பினகாக்கஸ் ஹெரெனி என்று புதுப் பெயர். ஆக, தேடியது தவறான ஆளை!

அதே 1981இல் இன்னும் தெற்கே பராகுவேயில் பெல்லோட்டி என்பவர் உண்மையான பூச்சியைக் கண்டுபிடித்தார். அதன் மேல் ஒரு குளவியும் இருந்தது. அந்தக் குளவியை 1964லேயே அர்ஜென்டினாவின் டி சாண்டிஸ் லோபெசி என்று விவரித்து வைத்திருந்தார். (பேரினப் பெயர் பிறகு இரண்டு மூன்று முறை மாறி இப்போது அனாகைரஸ் லோபெசி.) அதைக் கொண்டுபோய் நைஜீரியாவில் விட்டு, அங்கிருந்து நாடு நாடாகப் பரப்பினார் ஹான்ஸ் ஹெர்ரன். அவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். காக்ஸுக்கும் வில்லியம்ஸுக்கும் டி சாண்டிஸுக்கும் பங்கு கொடுக்கவில்லை. எனக்கென்னவோ கொடுத்திருக்கலாம் என்று படுகிறது.

அந்த லோபெசிதான் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூர் வழியாக நம் பக்கம் வந்தது. 2022 மார்ச்சில் ஆத்தூர் தாண்டி ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதல் முறையாக வயலில் விட்டார்கள். பெண் குளவி மாவுப்பூச்சிக்குள் ஒரு முட்டை வைக்கும். சிலவற்றைக் குத்தி அதன் சாற்றையும் குடிக்கும். முட்டை வைத்த பூச்சி உப்பி, பழுப்பாகி, கெட்டியாகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும். கொல்லைக்குப் போனால் இலைக்கு அடியில் அந்தப் பழுப்புக் கூடுகளைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் நல்ல சகுனம், மருந்து அடிக்காதீர்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் என் தம்பி மகள். பூச்சியியல் படிக்கிறாள். போன மாசி மாதம், "பெரியப்பா, கல்வராயன் அடிவாரத்துல யாராவது தெரிஞ்சவங்க நிலம் இருக்கா?" என்று கேட்டாள். காட்டுக்குள் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், பட்டா நிலம் என்றால் சொந்தக்காரர் சம்மதித்தால் போதும் என்றாள். பரிகம் பக்கம் எனக்குப் பழக்கமான ஒருவரிடம் கூட்டிப் போனேன். ஓடையை ஒட்டிப் புதரும் மரமுமாக முக்கால் ஏக்கர் சும்மா கிடந்தது.

பையிலிருந்து இருபது மஞ்சள் தட்டை எடுத்தாள். கல்யாண வீட்டில் சுண்டல் கொடுப்பார்களே, அந்த அளவு. மண்ணைத் தோண்டி, விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி பதித்து, தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு சோப்பும் ஒரு சிட்டிகை உப்பும். மஞ்சளைப் பார்த்து இறங்கும் பூச்சி மூழ்கிவிடும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டி ஆல்கஹாலில் போட்டுவைத்தாள். எனக்குத் தூசியாகத் தெரிந்தது. வீட்டில் மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். தூசியில் பாதி குளவி. பச்சை, நீலம், செப்பு நிறம் எல்லாம் பட்டுப்புடவை மாதிரி மினுங்கியது. ஒன்றுக்கு இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஓரத்தில் மயிர் முளைத்த காம்புதான் இருந்தது. தேவதைக் குளவிகள் என்றாள். பூச்சி இனத்திலேயே மிகச் சிறியவை இந்தக் குடும்பத்தில்தான் இருக்கின்றன. சிலவற்றின் நீளம் கால் மில்லிமீட்டரைத் தொடாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணிக்கவாசகமும் ரமேஷ்குமாரும் 2011இல் இதில் ஒரு புது இனத்தை விவரித்து, இந்தியாவில் அதுவரை பதிவாகாத மூன்று பேரினங்களையும் சேர்த்திருக்கிறார்கள். சிதம்பரம் நமக்கு எவ்வளவு தூரம்? பழைய தென்னாற்காடு மாவட்டம்தானே.

புது இனம் என்று சும்மா சொல்லிவிட முடியாது. "கீ" என்று ஒரு கேள்வி வரிசை இருக்கிறது. உணர்கொம்பில் எத்தனை கணு, முன் இறக்கை நரம்பு எவ்வளவு நீளம், முதுகில் குழி இருக்கிறதா, மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். பதில் சொல்லிச் சொல்லி ஒரு பெயரில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இதுவரை யார் யார் எதை விவரித்தார்கள் என்று நூறு வருடத்துப் புத்தகங்களைத் துழாவ வேண்டும். அசல் மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று தேடி, அதையும் ஒப்பிட வேண்டும். பழைய இந்திய மாதிரிகள் பல லண்டனில் இருக்கின்றன. பிறகு அளந்து, படம் எடுத்து, எந்தெந்த இனத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதி, ஒரே ஒரு பூச்சியை இதுதான் அசல் என்று குறித்து அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். பத்திர ஆபீஸில் மூலப் பத்திரம் மாதிரி. வில்லங்கம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

வில்லங்கம் வரத்தான் செய்கிறது. கோயம்புத்தூரில் ராமகிருஷ்ண அய்யர் என்ற அரசாங்கப் பூச்சியியலாளர் இருந்தார். தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளுக்கு அவர் 1940இல் எழுதிய கையேடுதான் நெடுநாள் வேதம். கோயம்புத்தூரிலிருந்து போன குளவிகளை வைத்து ரோவர் என்ற அமெரிக்கர் 1921இல் புது இனங்களை விவரித்தபோது, ஒன்றுக்கு டெட்ராஸ்டிகஸ் அய்யரி என்று இவர் பெயரையே வைத்தார். பின்னால் வந்தவர்கள், 1893லேயே பெயர் பெற்ற ஹோவர்டியும் இதுவும் ஒன்றே என்று சேர்த்துவிட்டார்கள். மூத்த பெயருக்குத்தான் உரிமை. அய்யரி போய்விட்டது.

இந்த சால்சிட் வகைக் குளவிகளில் மட்டும் இதுவரை இருபத்திரண்டாயிரத்துக்கும் மேல் பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுபவர்கள் உண்டு. எம்.எஸ். மணி, அலிகாரின் ஹயாத், கோழிக்கோட்டின் நரேந்திரன் என்று இந்தியாவில் இதற்கே ஆயுளைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இப்போது பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள். பத்து வருடம் உட்கார்ந்தால்தான் கண் பழகும், அதுவரை சம்பளம் யார் கொடுப்பது? என் தம்பியே மகளிடம், "வங்கிப் பரீட்சை எழுதேம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் நடுவில் புகுந்து பேசி இரண்டு வீட்டுக்கும் கொஞ்சம் மனக்கசப்பு.

பரிகத்துக் குப்பியில் ஒரு குளவி மட்டும் எந்தப் பெயரிலும் போய் நிற்கவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர், கறுப்பு உடம்பு, வெளுத்த கால். அவளுடைய பேராசிரியரும் பார்த்துவிட்டு, ஒரு பெண் குளவியை மட்டும் வைத்து எழுத வேண்டாம், ஆணும் வேண்டும், இன்னும் சில பெண்ணும் வேண்டும், முடிந்தால் எந்தப் பூச்சியிலிருந்து வருகிறது என்றும் பார் என்றாராம். இது புதுசாக இருக்கலாம், கேரளத்தில் எப்போதோ எழுதி வைத்ததாகவும் இருக்கலாம்.

ஆடி மாதம் மறுபடி போனோம். முக்கால் ஏக்கரில் பெரும்பகுதி சுத்தமாகியிருந்தது. உழுது பார் பிடித்துக் குச்சி நட்டிருந்தார். நட்டு ஒரு மாதம் இருக்கும், நல்ல பச்சை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், கிழங்குக்கும் விலை பரவாயில்லை. அவருடைய பட்டா நிலம், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி மகள் ஒன்றும் பேசாமல் ஓடைப் பக்கம் போய் நின்றாள். லோபெசி மட்டும் வந்திருக்காவிட்டால் இந்த விலைக்கு நம்பி அவர் புதரை வெட்டியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். "சார், பாப்பா மொகம் வாடிப் போச்சேன்னு வீட்டுல சொன்னாங்க. ஓடை ஓரத்துல ஒரு பத்து சென்ட் பொதர அப்படியே வுட்டுட்டேன். அத வெட்ட மாட்டேன். வரச் சொல்லுங்க" என்றார்.

கார்த்திகை மழை விட்டதும் போவதாக இருக்கிறோம். இந்தத் தடவை ஆடு மேய்க்கிற பையனிடம் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். மாசியில் ஏழு தட்டுத் தண்ணீரை ஆடுகள் குடித்துவிட்டன.